பின்தண்டுக் காத்தான்

"கல்லு" என்கிறார் காத்தான். அடுத்த அடி வைத்ததும் "ஆமா" என்று தானே பதிலும் சொல்லிக்கொள்கிறார். "குழி... ஆமா. சாணி... ஆமா." இடம் பேளுக்குறிச்சிச் சந்தைத் தெரு. பட்டப்பகல். தோளில் சுமை ஒன்றும் கிடையாது; கையில் ஒரு கவுளி வெற்றிலை, அவ்வளவுதான். எதிரே வருகிறவர்கள் பழகிப்போய் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். மிளகாய் விற்கிற பாவாயி மட்டும், "இங்க கல்லு இல்லீங்கண்ணா, நாந்தான் உக்காந்திருக்கறேன்" என்று சந்தைக்குச் சந்தை ஒரே கேலியைச் செய்கிறார். காத்தான் அதற்கும் "ஆமா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

வயது ஐம்பதுக்கு இரண்டொன்று கூடவோ குறையவோ இருக்கும். ஒட்டின வயிறு, மூங்கில் கணு மாதிரி முட்டுக்கள். இடது தோளில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு காய்ப்பு. தலை வலப்பக்கம் சாய்ந்து, முன்னால் கவிழ்ந்து, அப்படியே நின்றுவிட்டது. யாராவது கூப்பிட்டால் நாமெல்லாம் கழுத்தைத் திருப்புவோம். அவர் இடுப்போடு திரும்புகிறார். நம்மோடு பேசும்போது நம் சட்டைப் பொத்தானோடு பேசுவது போலவே இருக்கும். முதல்நாள் நான் என் பொத்தானில் ஏதோ அழுக்கு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டேன்.

டோலி தூக்கிப் பிழைத்தவர் அவர். கொல்லிமலைக்கு வண்டிப்பாதை கிடையாது. நடக்க முடிந்தவன் நடந்து ஏறவேண்டும். முடியாதவனும், முடிந்தும் மனசில்லாதவனும் டோலியில் ஏறவேண்டும். நீண்ட மூங்கில் தண்டு ஒன்று, அதில் தொங்குகிற கயிற்றுத் தொட்டில் ஒன்று. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். ஆள் கனமென்றால் மாற்றுக்கு இருவர் கூட வருவார்கள். தாசில்தாரும் மிட்டாதாரும் சர்வேக்காரரும் அப்படித்தான் மலை ஏறினார்கள்.

இதில் ஒரு முறை இருக்கிறது. பின்தண்டுக்காரருக்குப் பாதை தெரியாது, டோலி மறைக்கும். அதனால் முன்தண்டுக்காரர் மூன்றடிக்கு முன்பே சொல்லிக்கொண்டு போவார்: கல்லு, வேரு, சறுக்கு, தண்ணி. பின்னால் இருப்பவர் ஒவ்வொன்றுக்கும் "ஆமா" சொல்ல வேண்டும். "ஆமா" வராவிட்டால் முன்னால் போகிறவர் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். வராத ஓர் "ஆமா" என்பது வழுக்கின கால் என்று அர்த்தம். காத்தான் இருபத்திரண்டு வருஷம் பின்தண்டு பிடித்தவர். இருபத்திரண்டு வருஷமும் அவருக்கு முன்தண்டு, டோலிக்காரர்களுக்கெல்லாம் மூத்தவரான செங்கோடன்.

"மலை எப்படி இருக்கும் காத்தான்?" என்று ஒருதரம் கேட்டேன்.

"கல்லுங்களைக் கேளுங்க, சொல்றேன்" என்றார். சொன்னார். மூன்றாம் வளைவில் இருப்பது வழுக்கைக்கல். மழையில்லாத நாளிலும் வழுக்கும். ஐந்தாம் வளைவில் மாமியாக்கல். எத்தனை பதமாகப் போனாலும் காலை இடிக்காமல் விடாது. அதற்கு மேலே பொய்க்கல். பார்க்க அசையாதது போல இருந்து, மிதித்தால் ஆடும். இப்படி நாற்பது ஐம்பது. "மரம்?" என்றேன். "வேரு தெரியுமுங்க. மரத்தைப் பாக்கறதுக்கு ஆருங்க உட்டாங்க?"

அருவியையும் அவர் பார்த்ததில்லை. இதைக் கேட்டு நான் நம்பவில்லை. ஆடி பதினெட்டுக்கு அறப்பளீசுவரர் கோயிலில் கூட்டம் கொள்ளாது; கோயிலுக்குக் கீழே ஐயாற்றுத் தண்ணீர் விழுகிற ஆகாய கங்கையில் குளிக்காமல் யாரும் திரும்புவதில்லை. வருஷா வருஷம் அந்த நாளில் அங்கே இருந்த மனிதர், அருவியைப் பார்க்காமல் எப்படி இருக்க முடியும்? அதற்கும் ஒரு முறை இருந்தது. அருவிக்கு இறங்கும் தடத்தில் டோலி போகாது. வந்தவரின் கையைப் பிடித்துக் கூட்டிப்போவது முன்தண்டுக்காரர் வேலை. மேலே உட்கார்ந்து டோலிக்குக் காவல் இருப்பது பின்தண்டுக்காரர் வேலை. "காத்து அந்தப் பக்கமிருந்து அடிச்சா சத்தம் கேக்குமுங்க" என்றார் காத்தான். "நெம்ப நல்லாக் கேக்கும்."

நான் மலைக்குப் போனதற்கு முந்தின வருஷத்து ஆடியில் அவர் வீடு திரும்பியபோது, மனைவி அங்கம்மாள் சோறு போட்டுக்கொண்டே, "ஏனுங்க, அந்த அருவி எப்புடித்தான் இருக்குமுங்க?" என்று கேட்டிருக்கிறார். காத்தான் யோசித்து, "ஓன்னு இருக்கும்" என்றாராம். அங்கம்மாள் சிரித்துவிட்டார். "நான் சத்தத்தையா கேட்டேன்?"

காத்தானுக்குச் சோறு இறங்கவில்லை. கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டாராம். அதையடுத்து வந்த தையில் கழுத்து இன்னும் இறுகிப்போய், ராசிபுரத்து வைத்தியரிடம் காட்டினார்கள். எண்ணெய் போட்டு நீவிப் பார்த்த வைத்தியர், "வர்ற ஆடிக்கு இவ்வளவாச்சும் நிமிரும். அதுக்கடுத்த ஆடிக்கு இதுவும் நிமிராது" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வருவதற்குள் காத்தான் முடிவுகட்டிவிட்டார். வருகிற ஆடிக்குத் தோளில் தண்டில்லாமல் மலை ஏறுவது. பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போவது. தலை நிமிர்கிற வரைக்கும் நிமிர்த்தி அருவியைப் பார்த்துவிடுவது. தையிலேயே செங்கோடனிடம் சொல்லியும் விட்டார். செங்கோடன், "சரி, சரி" என்றார். ஆடித் திருவிழா, அவர்கள் சொல்கிற நோம்பி, நெருங்கினால் ஆசை தானாக அடங்கிவிடும் என்று நினைத்தார்.

இந்த இடத்தில்தான் நான் வந்து சேர்கிறேன்.

சூரமங்கலத்தில் ரயில்வே பார்சல் ஆபீஸில் குமாஸ்தா நான். என் எடை இருநூற்றுப் பத்து ராத்தல். பார்சல் தராசில் நானே ஏறிப் பார்த்தது. ஒழிந்த நேரத்தில் பத்திரிகைகளுக்கு எழுதுவேன். ஆசிரியர் என்னிடம் கேட்டது கொல்லிமலையின் இயற்கைக் காட்சிகளையும் ஆடித் திருவிழாவையும் பற்றி ஒரு கட்டுரை. மூன்று நாள் லீவு போட்டுக்கொண்டு போனேன், வந்தேன். காட்சி என்று ஒன்றையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இத்தனையும்.

அன்று ஆடி பதினேழு. காலையில் மலையடிவாரத்தில் வண்டியை விட்டு இறங்கினேன். கையில் குடை, தெர்மாஸ் பிளாஸ்க்கில் காப்பி, சட்டைப் பையில் நோட்டுப் புத்தகம். மற்ற டோலிகள் எல்லாம் விடியும்போதே ஏறிவிட்டன. செங்கோடனுடையது ஒன்றுதான் பாக்கி. அவர் என்னைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். மாடு வாங்குகிறவர் பார்ப்பது போலப் பார்த்தார்.

"மாத்துக்கு ரெண்டு ஆளு இருக்கறாங்க. ஆனா அய்யா பாரத்துக்குப் பின்தண்டு காத்தானை உட்டா வேற ஆளு இல்லீங்க" என்றார்.

காத்தான் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். வெளுத்த வேஷ்டி, வெறுந்தோள். பக்கத்தில் சிவப்புச் சேலையில் அங்கம்மாள், தலையில் கட்டுச்சோற்று மூட்டையோடு.

"காத்தா, தண்டை எடு."

"மாட்டனுங்கண்ணா. தையிலயே சொல்லிட்டனுங்களே."

"சொன்னே. இப்ப ஆளு வந்து நிக்கறாரு. சூரமங்கலத்துல இருந்து வந்திருக்கறாரு. திருப்பி அனுப்புனா நம்ம பேரு என்னத்துக்கு ஆகும்?"

காத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேறு எங்கே பார்ப்பார்?

செங்கோடன் குரலைத் தணித்துக்கொண்டார். "நோம்பியில வந்த பாரத்தைத் தள்ளுனவன் அடுத்த ஆடி வரைக்கும் தண்டைத் தொடக்கூடாது. நான் வெச்ச முறையில்ல இது. உனக்காக மாத்தவும் முடியாது. தெரியுமில்ல?"

"தெரியுமுங்க."

"ஒரு வருஷம் என்ன பண்ணுவே?"

"ரோட்டுக்குக் கல்லு ஒடைக்கப் போறேன். இத்தன வருஷம் நான் அதுகளைப் பாத்துப் பயந்தேன். ஒரு வருஷம் அதுக என்னைப் பாத்துப் பயப்படட்டும்."

அங்கம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். எனக்கு வந்ததே கோபம்! லீவு எத்தனை சிரமப்பட்டு வாங்கினது, ஆசிரியருக்கு என்ன பதில் சொல்வது, ஒரு டோலிக்காரனுக்கு இவ்வளவு திமிரா என்றெல்லாம் மனசுக்குள் கொதித்தேன். கொஞ்சம் வாய்விட்டும் சொன்னேன். காத்தான் என் பொத்தானைப் பார்த்து, "தப்பா நெனைக்காதீங்க சாமி. நடந்து வாங்க, கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றார். அதில் கேலி இருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். இல்லை. அதனால்தான் ரோஷம் வந்தது. "நடக்கிறேன், ஐயா, நடக்கிறேன்!" என்று குடையை ஊன்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். சற்று நேரத்தில் நாமக்கல் பக்கத்து ஒடிசலான கிழவர் ஒருவர் வந்து சேர்ந்ததாகவும், செங்கோடன் புது ஆள் ஒருவனைப் பின்தண்டுக்குப் போட்டு அவரைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டதாகவும் பிறகு தெரிந்தது.

இரண்டாம் வளைவுக்கு முன்னால் ஒரு குட்டையான கல், அதைச் சுற்றிப் பச்சைத் தழைக் குவியல். தழைச்சாமி என்றார்கள். ஏறுகிறவர் ஒரு கொத்துத் தழை ஒடித்துப் போட்டால் கால் வலிக்காதாம். தண்டு தூக்குகிறவர் குனிய முடியாது. டோலியில் இருப்பவர்தான் அவர்களுக்கும் சேர்த்துப் போடுவது வழக்கம். பல பேர் மறந்துவிடுவார்களாம். காத்தான் ஒரு கொத்து ஒடித்துப் போட்டார். கொஞ்ச தூரம் போய், திரும்பி வந்து இன்னொரு கொத்தும் போட்டார். "அது போன வருஷத்துக்குங்க" என்றார்.

அங்கம்மாள் முன்னால், காத்தான் நடுவில், நான் கடைசியில். அங்கம்மாள் பார்க்கிற ஒன்றைக்கூட விடவில்லை. "ஏனுங்க, அந்தப் பலா மரத்தைப் பாருங்க, அடியில இருந்து உச்சி வரைக்கும் காய்ச்சிருக்குது! அக்கட்ட பாருங்க, மேகம் பாறை மேல உக்காந்திருக்குது!" காத்தான் ஒவ்வொன்றுக்கும் முயன்றார். தலையைக் கொஞ்சம் தூக்குவார். உடனே கால் தடுமாறும். கண் தானாகக் கீழே ஓடிவிடும், அங்கம்மாளின் குதிகால் மேல் போய் நின்றுவிடும். தோளிலிருந்து தண்டை இறக்கிவிட்டார், கண்ணிலிருந்து அதன் பழக்கத்தை இறக்க முடியவில்லை. மாமியாக்கல்லில் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டார். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. இருபத்திரண்டு வருஷம் சுமையோடு போனபோது ஒருநாளும் ஏமாறாத இடம் அது. "தலையைத் தூக்குனா இடிச்சுப்போடுது. தூக்கலீன்னா எதுக்குங்க வந்தேன்?" என்றார் என்னிடம். அந்த முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் என் பாடே அப்போது பெரும்பாடாக இருந்தது.

ஏழாம் வளைவில் நான் விழுந்தேன். அதைவிட, உட்கார்ந்தேன் என்று சொல்வது மரியாதை. நெஞ்சு அடைத்தது, முழங்கால் இரண்டும் என்னுடையவை இல்லை என்றன. கண்ணில் நீர் முட்டியது. வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: "காத்தா, கொஞ்ச தூரம் முதுகில் தூக்கிக்கொள்ளப்பா. அந்த மேடு வரைக்கும் போதும்."

கேட்டு முடிப்பதற்குள் காத்தான் என் முன்னால் குந்திவிட்டார். இடது தோள் தானாகச் சரிந்து எனக்கு நேரே வந்தது. நானும் கையை நீட்டிவிட்டேன்.

"ஏனுங்க" என்றார் அங்கம்மாள். அவ்வளவுதான்.

காத்தான் குந்தின நிலையிலேயே கொஞ்ச நேரம் இருந்தார். முதுகு ஏறி இறங்கியது. பிறகு எழுந்து, இடுப்போடு திரும்பி, என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"தூக்கமாட்டனுங்க சாமி. உங்களை இங்க உட்டுட்டும் போகமாட்டேன். மூச்சு வார வரைக்கும் உக்காருங்க. பொழுது சாயற வரைக்கும் ஆனாலும் நானும் உக்காந்திருக்கறேன். ஆனா தூக்கமாட்டேன்."

நான் அவமானத்தில் குறுகிப்போனேன். சம்பளம் வாங்கித் தின்று வளர்த்த இருநூற்றுப் பத்து ராத்தலையும், ஒருநாள் விடுதலைக்காக ஒரு வருஷத்துப் பிழைப்பை விட்டுவிட்டு வந்தவரின் முதுகில் ஏற்றப் பார்த்தேனே! தெர்மாஸ் காப்பியை மூன்று பேரும் குடித்தோம். அங்கம்மாள் கம்மஞ்சோற்று உருண்டை கொடுத்தார். அதைப் போல ருசியாக நான் எதையும் தின்றதில்லை.

உட்கார்ந்த பாறையிலிருந்து கீழ்நாடு முழுவதும் தெரிந்தது. கீழே பார்ப்பதற்குக் காத்தானுக்குக் கழுத்து ஒரு தடையே இல்லை. பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். "அதா ராசிபுரத்து ஏரி. அக்கட்ட அலவாய்மலை. அதுக்கடியில உன்ற ஊரு வெண்ணந்தூரு, பாரு புள்ள. இம்புட்டுக்காணி ஊருல இருந்தா நீ இம்புட்டு வாய் பேசறே?" என்றார். அங்கம்மாள் அவர் முதுகில் ஒன்று வைத்தார். தெற்கே நாமக்கல் பாறை, கவிழ்த்து வைத்த சட்டி போலத் தெரிந்தது. நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். எழுத வந்தது இரண்டு வரி. அதுவும் அவர் சொன்னது.

எழுந்து நடக்கத் தொடங்கியபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மலையேறிப் பழக்கமில்லாத நான் எப்படியும் தரையைப் பார்த்துத்தான் நடக்கிறேன். பார்ப்பதை வாய்விட்டுச் சொன்னால் என்ன?

"காத்தான், நான் முன்னால் போகிறேன். கல்லை எல்லாம் நான் சொல்லுகிறேன். நீங்கள் மேலே பார்த்துக்கொண்டு வாருங்கள்."

காத்தானுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் பதறினார். "ஐயோ, நீங்க முன்தண்டாங்க? வேண்டாமுங்க சாமி!"

"தண்டே இல்லையே, முன்தண்டு எங்கே வந்தது? சும்மா வாருங்கள்."

முதலில் நான் அந்த வேலைக்கு லாயக்கில்லாதவனாகவே இருந்தேன். "இதோ, இடதுபுறத்தில் ஒரு பெரிய கருங்கல் கிடக்கிறது, பார்த்து வையுங்கள்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் காத்தான் அதில் இடித்துக்கொண்டார். "ஒத்தச் சொல்லுல சொல்லோணுமுங்க" என்று கற்றுக்கொடுத்தார். "மூணடிக்கு முன்னாலயே சொல்லோணும். நான் ஆமாங்கலீன்னா நின்னுரோணும். திரும்பிப் பேசக்கூடாது." நான் பார்சல் ஆபீஸில் பதினைந்து வருஷத்தில் கற்காத ஒழுங்கை அரை மணியில் கற்றேன். கல்லு. ஆமா. வேரு. ஆமா. சறுக்கு. ஆமா.

பின்னாலிருந்து வருகிற அந்த "ஆமா" வரவர மாறிக்கொண்டு வந்தது. முதலில் அது பயந்த குரலாக இருந்தது. பிறகு பாதிதான் எனக்காக வந்தது. மீதி வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது. "ஆமா... ஏ புள்ள, அந்தக் குருவி வாலு எம்புட்டு நீளம்!" "ஆமா... இந்த மரத்துக்கு மேலயும் கெளை இருக்குதா!" அவர் தலை முழுதும் நிமிர்ந்துவிடவில்லை, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே மட்டும் கண் எட்டியது. அதற்கே அந்தக் குதூகலம்! என்ன குருவி, என்ன மரம் என்று எனக்குத் தெரியாது. நான் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலைமேல் ஏறிவிட்டால் கோயில் பக்கம்தான் என்று நினைத்திருந்தேன். இன்னும் பத்துப் பன்னிரண்டு மைல் என்றார்கள். வழியில் ஒரு மலைக்குடியானவர் வீட்டில் படுத்து எழுந்து, பதினெட்டாம் நாள் காலையில் அறப்பளீசுவரர் கோயில் போய்ச் சேர்ந்தோம். திருவிழாவைப் பற்றி ஆசிரியர் எதிர்பார்ப்பாரே! கூட்டமென்றால் அப்படி ஒரு கூட்டம். கம்பளி போர்த்திய மலைக்காரர்கள் தேனும் பலாச்சுளையும் வைத்து விற்றார்கள். புதுப்பெண்கள் தாலிச்சரடு மாற்றிக் கட்டிக்கொண்டார்கள். பம்பைச் சத்தம் காதைப் பிளந்தது. ஆற்றில் பொரி போட்டால் மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்து வாயைத் திறந்தன. அங்கம்மாள் ஒரு மீனுக்குத் தன் நாத்தனார் பெயரை வைத்து, "இவ வாய் மூடவே மாட்டேங்கறா பாருங்க!" என்று சிரித்தார். காத்தான் பொரியை ஒவ்வொன்றாகப் போட்டார். கண்மட்டும் அடிக்கடி கிழக்கே ஓடியது. காற்று அந்தப் பக்கமிருந்துதான் அடித்தது.

அருவித் தடம் இறங்குகிற இடத்தில் டோலிகள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்றின் பக்கத்தில் செங்கோடன் குந்தியிருந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. நாமக்கல் கிழவரைக் கூட்டிக்கொண்டு புது ஆளே அருவிக்கு ஓடிவிட்டானாம். "முறை தெரியாத பய! பின்தண்டுக்காரன் காவல் இருக்கோணுமா, நானா?" என்று பொருமினார். பிறகு காத்தானை ஒருமாதிரி பார்த்தார். குரல் இளகியது.

"காத்தா, வந்ததே வந்தே. ஒரு நாழி இங்க உக்காரு. கெழவர் கீழ வழுக்கி விழுந்தாருன்னா எனக்குத்தான் கெட்ட பேரு. நான் போய்க் கூட்டிக்கிட்டு வந்தர்றேன். அப்புறம் நீ போ. தண்டு விஷயமும்... பேசிக்கலாம்."

ஒரு நாழிதான். காத்திருந்தால் ஒரு வருஷத்துப் பிழைப்பு திரும்பி வரக்கூடும். ஆனால் மேற்கே கருமேகம் திரண்டுகொண்டு வந்தது. மழை இறங்கினால் தடத்தில் யாரையும் விடமாட்டார்கள். அங்கம்மாள் புருஷனைப் பார்த்தார். இந்த முறை "ஏனுங்க" என்றுகூடச் சொல்லவில்லை.

காத்தான் அந்த டோலித் தண்டை ஒருதரம் கையால் தடவினார். "இருபத்திரண்டு வருஷம் நான் பாத்துக்கிட்டனுங்கண்ணா. இன்னைக்கு நீங்க பாத்துக்கங்க. கெழவர் கீழ இருந்தா நான் கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். "போலாமுங்களா சாமி? முன்னால போங்க."

இறங்கினோம். தடமா அது! பாறையும் வேரும் பாசியும். அங்கம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெண்கள் கூட்டத்தோடு முன்னால் இறங்கிப் போய்விட்டார். நான் குடையை ஊன்றி ஊன்றி, தொண்டை வறளக் கத்திக்கொண்டு போனேன். கல்லு. ஆமா. வேரு. ஆமா. சறுக்கு. ஆமா. சத்தம் கூடிக்கொண்டே வந்தது. ஓன்னு இருக்கும் என்று அவர் மனைவியிடம் சொன்னது பொய்யில்லை. கடைசி வளைவு தாண்டி அடிப்பாறைகளுக்கு வந்தோம். சாரல் சட்டையை நனைத்தது. மூக்குக் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. குனிந்து காலடியை மட்டும் பார்த்தேன்.

"கல்லு" என்றேன்.

"ஆமா."

"தண்ணி" என்றேன்.

பதில் இல்லை.

முறைப்படி நின்றேன். விழுந்துவிட்டாரோ என்று திரும்பினேன்.

விழவில்லை. இரண்டடி பின்னால், முழங்கால் தண்ணீரில் காலை அகட்டி நின்றுகொண்டிருந்தார். இடது கையைப் பிடரிக்குக் கொடுத்து, பச்சைக் குழந்தையின் தலையைத் தாங்குவது போலத் தன் தலையைத் தானே தாங்கி நிமிர்த்திப் பிடித்திருந்தார். வாய் திறந்திருந்தது. திறந்த கண்ணில் சாரல் விழுந்தது, இமைக்கவில்லை. அவர் பார்வை எட்டின இடத்துக்கு மேலேயும் அருவி இருந்தது.

பின்னால் கூட்டம் முட்டியது. "வழி உடுங்க! என்னத்துக்கு நின்னுட்டீங்க?" என்று கத்தினார்கள். நான் அவருக்குப் பின்னால் போய்க் குடையைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றேன். காத்தான் வலது கையையும் பிடரிக்குக் கொண்டுபோய், பல்லைக் கடித்துக்கொண்டு, தலையை இன்னும் ஒரு விரற்கடை உயர்த்தினார்.